மாரப்பனின் பற்காரை

மனிதர்களின் வாய்க்குப் பஞ்சம் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். திருப்பூரில் எங்கே திரும்பினாலும் வாய்தான். டீக்கடையில் அரசியல் பேசும் வாய், பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போடும் வாய், பனியன் கம்பெனி வாசலில் போனை வைத்துக்கொண்டு கெஞ்சும் வாய். இத்தனை இருந்தும், இறுதித் தேர்வுக்குக் கூட்டிப்போக கோகிலவாணிக்கு ஒரு வாய் கிடைக்கவில்லை.

அவள் படித்தது பல் சுகாதாரப் படிப்பு. பல் டாக்டர் படிப்பு இல்லை. டாக்டர் சொத்தையைக் குடைவார், பல்லைப் பிடுங்குவார். பல்லில் படிந்து கெட்டிப்பட்டுப் போன காரையைச் சுரண்டி எடுப்பது இவள் வேலை. அவிநாசி ரோட்டில் இருந்த கல்லூரியில் முதல் வருடம் முழுக்க ரப்பர் கன்னம் வைத்த பொம்மைத் தலைகளில்தான் பழகினார்கள். பொம்மைத் தலை இருமாது, கடிக்காது, நாக்கை நீட்டிக் கருவியை நக்கிப் பார்க்காது. இறுதித் தேர்வுக்கு அது செல்லாது, நிஜ மனிதர் வேண்டும். அந்த மனிதரை மாணவியேதான் பிடித்து வர வேண்டும். வருகிறவர் பல்லில் காரை கணிசமாக இருக்க வேண்டும் என்பது விதி. சுத்தமான வாயைச் சுத்தம் செய்து காட்டி யார் மார்க் வாங்க முடியும்?

முன்பெல்லாம் இது ஒரு பிரச்சினையே இல்லை. இலவசமாகப் பல்லைச் சுத்தம் செய்து தருகிறோம் என்றால் சித்தப்பா, பெரியப்பா, அவர்களுடைய சீட்டாட்டக் கூட்டாளிகள் என்று தெருவே வந்து நிற்கும். அதெல்லாம் பெட்டி வருவதற்கு முன்னால்.

பெட்டிக்குச் சட்டப் புத்தகத்தில் முழ நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. மாணவிகள் அதை ஜோசியர் என்றார்கள். சுரண்டி எடுத்த காரையை உள்ளே போட்டால், அந்த ஆள் இத்தனை மாதமாக என்ன தின்றார், என்ன குடித்தார், என்ன புகைத்தார், என்ன மருந்து சாப்பிட்டார் என்பதையெல்லாம் அது சொல்லிவிடும். தொழில் வாரியாக, வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை பல் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், அறிக்கை நலக் கார்டில் ஏற வேண்டும் என்று சட்டம் வந்தது. மக்களின் நலத்துக்காகத்தான் வந்தது, அதில் சந்தேகமில்லை. வாய்ப்புற்றை முன்கூட்டியே கண்டுபிடித்ததில் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். ஆனால் கார்டு என்று ஒன்று இருந்தால் அதைக் காட்டு என்று கேட்க ஒருவன் வருவான். முதலில் கம்பெனிகள் கேட்டன. அப்புறம் வீட்டு ஓனர்கள் கேட்டார்கள். கடைசியில் பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு காரை அறிக்கையும் கேட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை ஊர் அப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டது. சலூன்களில் திரைக்குப் பின்னால் ஊசியையும் திருப்புளியையும் வைத்துக்கொண்டு ரகசியமாகக் காரை சுரண்டினார்கள். கல்லூரிப் பிள்ளைகளிடம் வாயைக் கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை.

மாரப்பன் மட்டும்தான் சரி என்றார்.

அவர் ஸ்கூல் வேன் ஓட்டுபவர். கோகிலவாணி வீட்டுக்கு எதிர்ச்சந்தில் குடியிருந்தார். அவள் எல்.கே.ஜி.க்குப் போனதே அவர் வேனில்தான். அவள் போய்க் கேட்டபோது வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, உங்க வாயைக் கொஞ்சம் எனக்குக் குடுப்பீங்களா?"

கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

"வாயைக் குடுத்துத்தான் உங்கக்காகிட்ட தெனமும் வாங்கிக் கட்டிக்கறேன்" என்று தன் மனைவியைச் சொன்னார் மாரப்பன். "என்ன விசயமுங்க அம்மிணி?"

அவள் சொன்னாள். அவர் துணியைப் பிழிந்தார்.

"அதென்னங்க, பல்லுல என்னத்தப் படிக்குது அந்தப் பொட்டி?"

"செவுத்துக்கு வருசா வருசம் சுண்ணாம்பு அடிக்கறோமில்லீங்ணா, சொரண்டிப் பார்த்தா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எல்லா வருசக் கலரும் தெரியுமில்ல? அந்த மாதிரிதான். எச்சில்ல இருக்கற சுண்ணாம்பு தெனமும் பல்லு மேல ஒரு பூச்சுப் பூசுது. அன்னைக்கு நாம என்ன சாப்பிட்டமோ அதுல துளி அதுக்குள்ள மாட்டிக்குது. பொட்டி ஒவ்வொரு பூச்சா உரிச்சுப் பார்க்குது."

"மாத்திரை மருந்து கூடத் தெரியுமுங்களா?"

"அதுதான் மொதல்ல தெரியும்."

மாரப்பன் கண்ணாடியின் ஒரே இடத்தைக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். "டிரைவருக்கும் இந்த வருசத்துல இருந்து கட்டாயமுன்னு சொல்லிட்டாங்க. எப்படியும் எவங்கிட்டயாவது பல்லக் காட்டித்தான ஆகோணும்? நம்ம புள்ளகிட்டயே காட்டிட்டுப் போறேன்" என்றார். கோகிலவாணிக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

தேர்வுக்கு நோயாளியைப் பதிவு செய்வதற்கு முன்னால் ஒருமுறை நாற்காலியில் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். அன்றைக்குச் சுரண்டக் கூடாது, பெட்டிப் பக்கமே போகக் கூடாது, பார்க்க மட்டும்தான். கோகிலவாணிக்குத் துணையாக நின்றவள் ஃபர்ஹானா. அவள் படித்தது பல் உதவியாளர் படிப்பு. எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, விளக்கைத் திருப்புவது, கருவியைக் கேட்பதற்கு முன்னால் கையில் வைப்பது அவள் வேலை.

மாரப்பன் வாயைத் திறந்தார். கீழ்வரிசை முன்பல்லின் உட்புறம் காரை மஞ்சளும் பழுப்புமாகக் கட்டைச்சுவர் கட்டியிருந்தது. கோகிலவாணிக்கு வாயெல்லாம் பல். ஆனால் விளக்கை மேல்வரிசைக்குத் திருப்பியதும் முகம் வாடிவிட்டது. ஈறு பல்லின் மேல் பாதிவரை ஏறிப் புடைத்திருந்தது. புடைத்த ஈறு காரையை மறைக்கும் என்பதால் அப்படிப்பட்டவரைத் தேர்வுக்கு ஏற்க மாட்டார்கள்.

வாயில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவருக்குக் காதும் திறந்துதான் இருக்கிறது என்பது அவர்களுக்கு மறந்துபோகும். அவர் தலைக்கு மேலே பக்கத்து வீட்டுச் சண்டையைப் பேசுவார்கள், சினிமாவைப் பேசுவார்கள், பாடத்தையும் பேசுவார்கள். பதிலுக்கு அவர் "ஆ" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாது.

"வைவாவுல இதத்தான்டி கேப்பாங்க" என்றாள் ஃபர்ஹானா. "சொல்லு பாக்கலாம். ஈறு இப்படிப் புடைக்கறதுக்குக் காரணம்?"

"ஒழுங்காத் தேய்க்காதது. அப்புறம் கர்ப்பம்."

"இவருக்கு அது இருக்காது."

இருவரும் சிரித்தார்கள். மாரப்பனும் திறந்த வாயோடு சிரிக்கப் பார்த்தார்.

"அப்புறம் மாத்திரை. கிட்னி மாத்துனவங்க போடறது ஒண்ணு. சில பிரஷர் மாத்திரை. வலிப்பு மாத்திரை."

"வலிப்பு மாத்திரைன்னா அதுக்கு என்ன வைத்தியம்?"

"மாத்திரைய நிறுத்தினா ஈறு தானா வத்திரும். மூணு மாசம் போதும். அதுக்கப்புறம் காரையில கூட மேலாப்புல மருந்து தெரியாது."

"ஃபுல் மார்க்" என்றாள் ஃபர்ஹானா.

கோகிலவாணி அவரை எழுப்பி உட்கார வைத்தாள். "மாத்திரை கீத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களாண்ணா?"

"நமக்கெதுக்குங்க மாத்திரை? கல்லுக்குண்டாட்ட இருக்கறேன்."

அவள் நம்பினாள். நம்பத்தான் ஆசையாக இருந்தது. ஈறு வற்றினால் ஏற்றுக்கொள்வார்கள், அதற்குள் வேறு ஆளைத் தேட வேண்டாம் என்று நினைத்து, மென்மையான பிரஷ் ஒன்றைக் கொடுத்தாள், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னாள். கூடவே, "கீழ முன்பல்லுக்கு உள்பக்கம் மட்டும் பிரஷ்ஷக் கொண்டு போயிராதீங்ணா. அந்தக் காரை எனக்கு வேணும்" என்றாள். பல் சுகாதாரம் படிக்கிற பெண் பல்லைத் தேய்க்காதே என்று கெஞ்சியதை அந்தக் கல்லூரியில் யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. எல்லா மாணவியும் அப்படித்தான் ஆளுக்கொரு வாயில் காரை வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, தேர்வு நாளன்று மாரப்பன் வெள்ளை வேட்டி சட்டையில், கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி வந்து சேர்ந்தார். வாயைத் திறந்தார். கோகிலவாணி கண்ணாடியை உள்ளே விட்டு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஃபர்ஹானாவின் காலை மிதித்தாள். ஈறு வற்றிப்போய், பல்லைச் சுற்றி இளஞ்சிவப்பாக, இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. பாடப்புத்தகத்தில் போட்டோவாகப் போடலாம்.

"உப்புத்தண்ணியோட மகிமை" என்றாள் பெருமையாக.

வேலை நன்றாகவே நடந்தது. சுரண்டும் கருவியான ஸ்கேலரின் முனை காரையின் அடியில் இறங்கியதும் அது பிடி கழன்று வில்லையாகப் பெயர்ந்து வந்தது. மாரப்பன் ஒருமுறைகூடத் தலையை அசைக்கவில்லை. பெட்டி முனகியது. திரையில் பச்சை வந்தது. மேல்படிவத்தில், அதாவது கடைசி மூன்று மாதப் பூச்சில், தடை செய்யப்பட்டது எதுவுமில்லை. ஓட்டுநர் தகுதி உண்டு.

துறைத் தலைவர் டாக்டர் பத்மாசனி வந்தார். விரல் நகத்தால் காற்றில் எழுதுவது போலப் பல் பல்லாக எண்ணிப் பார்த்தார். "சுத்தமா வந்திருக்கு. மேல்படிவம் பச்சைதானே? கையெழுத்துப் போட்டு அனுப்பிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

சட்டத்துக்கு மேல்படிவம் போதும். அதற்குக் கீழே உள்ளதைப் படிக்கவும் பெட்டியில் ஒரு பொத்தான் இருந்தது. ஆழப்படிவம் என்று பெயர். அதைப் பார்க்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் பார்த்தபின் ஆபத்தான எதுவும் கண்ணில் பட்டால் எழுதியே ஆக வேண்டும் என்று விதி. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பார்க்க மாட்டார்கள்.

"இவ்வளவு மொத்தமான காரை யாருக்கும் கிடைக்கலடி" என்றாள் ஃபர்ஹானா. "ஒரே ஒரு தடவை அமுக்கிப் பாக்கலாம்."

கோகிலவாணி அமுக்கினாள்.

திரையில் பட்டை பட்டையாக நிறம் விரிந்தது. டீ, டீ, மறுபடியும் டீ. பொங்கல் மாதத்தில் வெல்லம். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்போதுதான் அடியிலிருந்து மேலே ஊதா நிறத்தில் ஒரு கோடு விடாமல் வருவதைப் பார்த்தார்கள். பக்கத்தில் பெட்டி எழுதியிருந்தது: வலிப்புத் தடுப்பு மருந்து, தினசரி.

"கோகி, இவரு வலிப்பு மாத்திரை போடறாருடி" என்று ஃபர்ஹானா முணுமுணுத்தாள். "ஸ்கூல் வேன் ஓட்டறவரு."

"போடறாருன்னு சொல்லாத" என்றாள் கோகிலவாணி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "போட்டுட்டு இருந்தாரு. மேல பாரு."

ஊதாக் கோடு மேல்படிவம் தொடங்கும் இடத்தில் நின்றுபோயிருந்தது. தேய்ந்து மறையவில்லை, கத்தரித்த மாதிரி நின்றிருந்தது. அது எந்த மாதம் என்று அவள் விரல் விட்டு எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாரப்பன் முதன்முதலாக அந்த நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த மாதம். அவர் தலைக்கு மேல் அவள் வைவாவுக்குப் பதில் சொன்ன மாதம். புத்தகத்தில் அந்த வரிக்கு அடுத்த வரியும் இருந்தது: மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. அன்றைக்கு ஃபர்ஹானா கேட்ட கேள்விக்கு அந்த வரி தேவைப்படவில்லை.

மாரப்பன் வாய் கொப்பளித்துவிட்டு நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டிருந்தார். "பல்லுக்கு நடுவுல காத்துப் போகுதுங்க அம்மிணி" என்று குழந்தை மாதிரிச் சிரித்தார்.

அவள் குனிந்து, பக்கத்து நாற்காலிக்குக் கேட்காமல், "மாத்திரைய ஏண்ணா நிறுத்துனீங்க?" என்றாள்.

சிரிப்பு நின்றது. திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு, மறைப்பதற்கு இனி எதுவுமில்லை என்று தெரிந்தவர் போல நிம்மதியாகவே பேசினார்.

"நீங்கதான சொன்னீங்க? இந்தப் புள்ளகிட்ட அன்னைக்குப் பேசிட்டு இருந்தீங்களே. நிறுத்துனா ஈறு வத்திரும், காரையிலயும் தெரியாதுன்னு. உங்களுக்கும் வேற ஆளு கிடைக்கல. எனக்கும் கார்டு வேணும். ரெண்டுக்கும் ஒரே வழியாப் போச்சுன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு எத்தனை வருசமா..."

"பதினாறு பதினேழு வருசமிருக்குமுங்க. மாத்திரை போட ஆரம்பிச்சதுல இருந்து ஒருக்காக் கூட வந்ததில்ல. சாமி சத்தியமா. உங்களை ஏத்திட்டுப் போனதும் மாத்திரை போட்டுட்டுத்தான். ஆனாச் சட்டத்துக்கு அதெல்லாம் தெரியுங்களா? மாத்திரை திங்கறவன் வண்டி ஓட்டக் கூடாது, அவ்வளவுதான். வேற தொழில் எனக்கு என்னங்க தெரியும்?"

"நிறுத்துன பொறகு வந்துச்சாண்ணா?"

அவர் கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துண்டை மடித்தார். "ஒருக்கா. வேன்ல இல்லீங்க, பாத்ரூம்ல. உங்கக்கா பார்த்துட்டா. தெளிஞ்சிருச்சு."

கோகிலவாணிக்கு அவர் மேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகத் தன் மேல் வந்தது. இந்த மூன்று மாதமும் அந்த மஞ்சள் வேன் தினமும் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரயில்வே பாலத்தின் மேல் போனதை அவள் மொட்டைமாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். மாத்திரை தின்றவரை அந்த மனிதரால் யாருக்கும் ஆபத்தில்லை. அப்போது கேட்டிருந்தால் பெட்டி சிவப்புக் காட்டியிருக்கும். ஆபத்தான ஆளாக ஆன பிறகு பச்சை காட்டுகிறது.

"எழுதிரு கோகி" என்றாள் ஃபர்ஹானா. "என் அக்கா மகளும் வேன்லதான் ஸ்கூலுக்குப் போறா. இவரு வேன்ல இல்ல, ஆனா எந்த வேன்ல யாரு என்ன நிறுத்தியிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"எழுதுனா இன்னையோட இவரு வேலை போச்சு. மாத்திரைய மறுபடி ஆரம்பிச்சா ஒண்ணும் ஆகாதுடி. இத்தனை வருசமா ஒண்ணும் ஆகலையே."

"நான் எச்சில் உறிஞ்சறவ. எனக்குக் கையெழுத்துக் கிடையாது" என்றாள் ஃபர்ஹானா. "உன் கையெழுத்து, உன் இஷ்டம்."

கோகிலவாணி மாரப்பனின் கையைப் பிடித்தாள். கையுறையைக் கழற்ற மறந்துவிட்டாள். "இன்னைக்கே மாத்திரை போடணும். டாக்டரப் போய்ப் பார்க்கணும். அடுத்த வருசத்துக்குள்ள இந்தச் சட்டத்துக்கு ஒரு வழி கேக்கலாம். போடுவீங்களா?"

"அவிநாசியப்பன் மேல சத்தியமுங்க."

அவள் ஆழப்படிவத்தைச் சேமிக்காமல் மூடினாள். பச்சையின் கீழே கையெழுத்துப் போட்டாள். தேர்வில் முதலாவதாக வந்தாள். ஃபர்ஹானா வாழ்த்தினாள், ஆனால் ஸ்வீட்டை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள், தின்னவில்லை.

கல்லூரி அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. சந்தில் பார்க்கும்போதெல்லாம் "போட்டாச்சாண்ணா?" என்று கேட்பாள். "ஆச்சுங்க அம்மிணி" என்று மாரப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்கு மனசு லேசாகும். தான் செய்தது சரிதான் என்று கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்தாள். நல்லவர்களுக்கு அது சுலபமாக வரும்.

மாசி மாதத்தில் பள்ளி வாகன ஓட்டுநர்களுக்குக் கல்லூரியில் முகாம் வைத்தார்கள். யாராவது வருவார்களா என்று பயந்துகொண்டிருந்த நிர்வாகத்துக்கு ஆச்சரியம். காலையிலேயே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மாரப்பன் தன் வேனிலேயே ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். வந்தவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு, பயமே இல்லாமல் வாயைத் திறந்தார்கள். பெட்டி பச்சை, பச்சை, பச்சை என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

நான்காவது ஆளோ ஐந்தாவது ஆளோ வந்தபோது சந்தேகத்தை அவளால் பொறுக்க முடியவில்லை. ஆழப்படிவத்தை அமுக்கினாள். சர்க்கரை மாத்திரையின் கோடு அடியிலிருந்து மேலே வந்து ஒரு இடத்தில் நின்றிருந்தது. அடுத்தவருக்கு ரத்த அழுத்த மாத்திரை, அதுவும் அதே இடத்தில். அதற்கடுத்தவருக்கு இதயத்துக்கான மாத்திரை. எல்லாம் ஒரே மாதிரி, மூன்று மாதத்துக்கு முன்னால், கத்தரித்த மாதிரி.

பத்மாசனி பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"அதை எதுக்குத் திறந்தே?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "பார்த்தா எழுதணும்."

"மேடம், எல்லாரும் மருந்தை நிறுத்திட்டு வர்றாங்க."

"தெரியும். எல்லாக் காலேஜ்லயும் பச்சைதான் வருது. நேத்து மந்திரி அறிக்கை விட்டாரு, கேக்கலையா? இந்த வருஷம் நம்ம மாநிலத்துல சர்க்கரையும் பிரஷரும் பாதியா குறைஞ்சிடுச்சாம். இந்தச் சட்டத்தோட வெற்றியாம்." அவர் கையை நீட்டித் திரையை மூடினார். "சாப்பாட்டு நேரத்துக்குள்ள வரிசையை முடி."

நாற்காலியில் இருந்த ஓட்டுநருக்குச் சென்னியப்பன் என்று பெயர். பத்மாசனி போகும்வரை காத்திருந்து, வாயில் இருந்த பஞ்சைத் தானே எடுத்துவிட்டு, "நீங்கதானுங்களா கோகிலவாணி?" என்றார்.

"ஆமாங்க."

"நெனச்சேன். மாரப்பண்ணன் ஸ்டேண்டுல எங்க எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்தாருங்க. மூணு மாசம் நிறுத்துனாப் போதும், நம்ம புள்ள ஒண்ணு இதுக்கே படிச்சிருக்குது, அது சொன்ன வழின்னு. நீங்க நல்லா இருக்கோணும் அம்மிணி. எத்தனை குடும்பம் பொழைச்சுது தெரியுங்களா?" அவர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். அவருடைய விரல்கள் லேசாக நடுங்கின.

கோகிலவாணி ஸ்கேலரைத் தட்டில் வைத்தாள். கையுறையோடும் முகமூடியோடும் வெளியே ஓடினாள்.

மாரப்பன் வேனில் ஏறி எஞ்சினைப் போட்டிருந்தார். அரை நாள் பள்ளிக்கூடம், சின்னப் பிள்ளைகளை விடும் நேரம். அவளைப் பார்த்ததும் ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தார்.

"நல்ல கூட்டமுங்களா அம்மிணி?"

இந்தத் தடவை அவள் சிரிப்பைப் பார்க்கவில்லை, ஈறைப் பார்த்தாள். இளஞ்சிவப்பாக, இறுக்கமாக, தேர்வன்றைக்கு இருந்த அதே அழகோடு இருந்தது. மாத்திரையை மறுபடி தொடங்கியிருந்தால் இந்நேரம் அது பாதிப் பல்லை மூடியிருக்கும். இத்தனை மாதமும் தினமும் அந்த வாயைப் பார்த்து மனசு லேசாகிப் போனவள், ஈறைப் பற்றியே படித்தவள், தான்தான்.

"நீங்க மாத்திரை போடவே இல்ல."

மாரப்பன் ஸ்டியரிங்கைத் தடவினார். "போடலாமுன்னுதான் இருந்தேன். ஆனா மறுபடி நிறுத்தறதுக்கு எதுக்குப் போடறதுன்னு உட்டுட்டேன். அதுக்கப்புறம் பெருசா ஒண்ணும் வரலீங்க."

"பெருசான்னா?"

அவர் கியரைப் போட்டார். அவள் வேனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"எறங்குங்ணா."

"என்னங்க அம்மிணி இது? நேரமாச்சு." சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து ஜன்னல் வழியாகக் காட்டினார். கோபத்தில் அல்ல, அவளுக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் காட்டினார். "பச்சைங்களே. நீங்க போட்டதுதானுங்களே."

கோகிலவாணி போனை எடுத்தாள். கையுறையால் எண் அழுந்தவில்லை, முகமூடியை இறக்கிவிட்டு அதைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினாள். மறுமுனையில் பத்மாசனி எடுத்ததும், மாரப்பனுக்குக் கேட்கும்படி சத்தமாகவே பேசினாள்.

"மேடம், பரீட்சையில என் நோயாளி மாரப்பனோட ஆழப்படிவத்த நான் பார்த்தேன். வலிப்பு மாத்திரையை நிறுத்தியிருந்தாரு. பார்த்துட்டு எழுதாமப் பச்சை போட்டேன். இப்ப எழுதித் தர்றேன். அவரோட கார்டை நிறுத்துங்க. இன்னைக்கு வந்தவங்க கார்டையும் நிறுத்துங்க."

"என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?" என்றார் பத்மாசனி. "உன் சான்றிதழ் போயிடும் கோகிலா."

"தெரியும் மேடம்."

பத்மாசனி, "அங்கேயே நில்லு, வர்றேன்" என்று போனை வைத்தார்.

மாரப்பனின் முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் எஞ்சினை நிறுத்தினார். கார்டைத் திரும்பப் பையில் வைக்கத் தோன்றாமல் டேஷ்போர்டின் மேல் வைத்தார்.

"பெல் அடிச்சிருப்பாங்க" என்றார். "புள்ளைங்க வெயில்ல நிக்குமே அம்மிணி. யாருங்க போய்க் கூட்டிட்டு வர்றது?"

அவள் திரும்பி, கல்லூரி வாசலில் நிறுத்தியிருந்த மஞ்சள் வேன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவற்றை ஓட்டி வந்தவர்கள் எல்லோரும் உள்ளே வரிசையில் நின்றிருந்தார்கள்.